உலர் மாத அட்டை

கறை பார்ப்பது என் தொழில். சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகக் கடைசி மேஜையில் நிற்கிறேன். தைத்து முடித்த சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, காலர், தோள், கைமடிப்பு, உள்தையல் என்று வரிசையாகப் பார்ப்பேன். புள்ளி தெரிந்தால் பக்கத்தில் சிவப்பு அம்பு ஒட்டி ஒதுக்கிவிடுவேன். மெஷின் எண்ணெய்க்கு ஒரு கூடை, துருவுக்கு ஒரு கூடை, தைக்கிற பெண்ணின் விரலில் ஊசி ஏறிப் பட்ட இரத்தத்துக்குத் தனிக் கூடை. அந்த இரத்தத்தை அவளுடைய எச்சில்தான் எடுக்கும், வேறொருத்தி எச்சிலுக்குப் போகாது என்று எங்கள் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். என்ன கறை, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு சட்டைகூடப் பெட்டிக்குள் போகாது. சட்டைக்கு இருக்கிற மரியாதை அது.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், பிற்பாடு ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய மனிதர் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கறைன்னா என்னன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார். கேட்டவர் சட்டையிலேயே பேனா மை கசிந்திருந்தது.

எனக்கு ஐம்பத்தேழு வயது. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. நின்றபோது நான் அழவும் இல்லை, விருந்து வைக்கவும் இல்லை. போய்த் தொலைந்தது என்று அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, வீட்டுக்காரர் தன் ஸ்பேனர்களை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தேன். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை மறந்தே போனேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், தொழிற்சாலைக் கழிப்பறையில் பார்த்தேன். ஒரு நாணயம் அளவு. பழுப்பு இல்லை, புதுச் சிவப்பு. வலியில்லை, முன்னறிவிப்பில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அடக்கம் செய்துவிட்டு வந்த ஆள், கதவைத் தட்டாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. மேஜைக்குத் திரும்பிப் போய், மிச்சமிருந்த நாற்பது சட்டைகளையும் பார்த்து முடித்தேன். அன்றைக்கு எல்லாச் சட்டையிலும் எனக்குப் புள்ளி தெரிந்தது.

தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன். அவர் எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் என்னன்னு பார்த்தே ஆகணும்மா. பத்துல ஒம்பது பேருக்குப் பெரிசா ஒண்ணும் இருக்காது. உள்ள தோல் மெலிஞ்சு போயிருக்கும், இல்லன்னா சின்னதா ஒரு சதை வளர்ந்திருக்கும். ஒருத்தருக்கு மட்டும் கேன்சரா இருக்கும். முகத்தைப் பார்த்து யாரு அந்த ஒருத்தர்னு என்னால சொல்ல முடியாது. ஸ்கேன் வச்சுக் கருப்பையோட உள்சுவர் எவ்வளவு தடிப்புன்னு அளக்கணும். தடிப்பா இருந்தா துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். சீக்கிரம் பார்த்தா முழுசாக் குணப்படுத்திடலாம்."

"நீங்களே பார்த்துடுங்களேன் டாக்டர்."

"எனக்கு அனுமதி இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனிப் பிரிவு திறந்துட்டாங்க. அதுக்கப்புறம் வெளியில யாரும் இதைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் அதைச் சரியாகக் கவனிக்காமல் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் அந்தப் பிரிவு இருந்தது. 'மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் இரத்தப்போக்கின் காரணங்களைக் கண்டறியும் சிறப்பு உயர்நிலைப் பிரிவு' என்று கல்லில் வெட்டியிருந்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்குள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்கேன் இயந்திரம் ஒன்று நின்றது. எதிரே ஒரு நீளமான பெஞ்சில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய என் வயது. ஒருவரும் பேசவில்லை. பத்தாவது இடம் காலியாக இருந்தது. அதில் உட்காராமல் பதிவு ஜன்னலுக்குப் போனேன்.

பதிவுக்காரர் நல்ல மாதிரி. அவசரப்படாமல் கேட்டார்.

"கடைசியா எப்போம்மா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி."

"இரத்தம் எப்போ பட்டுச்சு?"

"போன செவ்வாய்க்கிழமை."

செவ்வாய்க்கிழமையின் தேதியைத் தட்டினார். ஆறு வருடத்தை எங்கேயும் தட்டவில்லை. கேட்டதற்குத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஒரு கட்டம்தாம்மா இருக்கு. 'கடைசியாக இரத்தம் பட்ட நாள்'. நான் என்ன பண்ண?" திரையில் ஏதோ சிவப்பாக வந்தது. "உங்களுக்கு இன்னும் நிக்கலைன்னு வருது."

"நின்னு ஆறு வருஷம் ஆச்சு சார்."

"நின்னிருந்தா செவ்வாய்க்கிழமை எப்படி வரும்?"

"அதைக் கேக்கத்தானே வந்திருக்கேன்."

"பன்னெண்டு மாசம் ஒரு சொட்டு படாம இருந்தாத்தான் நின்ன மாதிரி. உங்களுக்கு..." விரல் விட்டு எண்ணினார். "நின்னு மூணு நாள்தான் ஆகுது. இது நின்னவங்களுக்கான பிரிவும்மா. உங்களுக்குத்தான் வருதே."

இந்தப் பேருந்து அங்கே நிற்காது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

முதல் மாடிக்கு அனுப்பினார். அது மாதவிடாய் உள்ளோர் பிரிவு. புதிதாகக் கல்யாணமானவர்களும் நிறைமாதக்காரிகளும் நடுவில் நான். சுகாதார ஊழியப் பெண் ஒருத்தி, என் மகள் வயதுகூட இருக்காது, தாளும் பேனாவுமாக வந்தாள்.

"எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கு?"

"ஆறு வருஷம்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், 'தாமதம்: ஆறு வருடம்' என்று எழுதிக்கொண்டு, கர்ப்பப் பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்டாள். கொடுத்தேன். அரை மணி கழித்து வந்து என் தோளைத் தொட்டாள்.

"இல்லைன்னு வந்திருக்கும்மா. மனசை விட்டுடாதீங்க. அடுத்த மாசம் பார்க்கலாம்."

கையில் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தாள். இரண்டு குழந்தைகளுக்கு இடையே எத்தனை வருடம் இடைவெளி வேண்டும் என்பது பற்றி. வீட்டில் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்தார்.

"நமக்கு இருபத்தொம்பது வருஷம் இடைவெளி வந்துடுச்சு. பாஸ்தான்," என்றார்.

சிரித்தோம். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். அவர் பிரசுரத்தை நாலாக மடித்துக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. யாரு அந்த ஒருத்தர்னு தெரியாம எப்படித் தூங்கறது?"

மறுநாள் தகுதி அலுவலரைப் பார்த்தேன். பேனா மை கசிந்த பெரிய மனிதர் இவர்தான். மேஜையில் ஒரு விதிப்புத்தகம் வைத்திருந்தார். பேசும்போதெல்லாம் அதைத் தடவிக் கொடுத்தார்.

"உங்களுக்குக் கறைன்னா என்னன்னு தெரியுமாம்மா? விதிப்படி ஒரு சொட்டும் கறைதான். ஒரு சொட்டு பட்டாலும் நீங்க நின்னவங்க இல்ல. அதுக்காக உங்களைக் கைவிட மாட்டோம். இந்தாங்க."

உலர் மாத அட்டை. பன்னிரண்டு கட்டங்கள். மேலே என் எண், இருநூற்று மூன்று.

"மாசத்தோட முதல் திங்கட்கிழமை வாங்க. அந்த மாசம் காய்ஞ்சிருந்தா ஒரு டிக். பன்னெண்டு டிக் விழுந்தா உங்களுக்குத் தகுதி வந்துடும். டாக்டர் பார்ப்பார்."

"பன்னெண்டு மாசம் எதுவுமே படலைன்னா நான் எதுக்கு சார் டாக்டரைப் பார்க்கப் போறேன்?"

அவர் முகம் மலர்ந்தது. "அதேதாம்மா! அதுதான் இந்தத் திட்டத்தோட அழகே."

"நடுவுல பட்டா?"

"அட்டை ரத்து. புது அட்டை."

"படலைன்னு பொய் சொல்லி பன்னெண்டும் வாங்கிட்டா?"

"வாங்கலாம். ஆனா உள்ள டாக்டர் 'இரத்தம் படுதா'ன்னு கேப்பார். படுதுன்னா அட்டை ரத்து. படலைன்னு சொன்னா, அப்புறம் என்னம்மா கவலை? வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரெண்டு வருஷம் உட்கார்ந்து யோசிச்சு எழுதினது. ஒரு ஓட்டை கிடையாது."

அப்படியாக நான் அந்தப் பெஞ்சில் பத்தாவது ஆளாக உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். எண்ணினேன். டாக்டரம்மா சொன்ன பத்து பேர் இங்கேயே வரிசையாக இருக்கிறோம். யாரு? கடைசியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவளா, ஓயாமல் பையைத் திறந்து மூடுகிறவளா? பார்த்தால் மற்றவர்களும் கண்ணை ஓட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பார்வையும் என்மேல் ஒரு நொடி நின்று நகர்ந்தது. அந்த ஒரு நொடியை என்னால் மறக்கவே முடியவில்லை.

என் பக்கத்தில் ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அட்டை எண் நூற்றுப் பதினேழு. அவருக்கு இது மூன்றாவது அட்டை, அதில் நாலு டிக் விழுந்திருந்தது.

"முதல் அட்டையில எட்டு மாசம் வரைக்கும் போனேன்," என்றார் டீச்சர். "எட்டாவது மாசம் பட்டுச்சு. எழுந்து சொன்னேன். ரத்து பண்ணிட்டாங்க."

"ஏன் டீச்சர் எழுந்தீங்க?"

"முப்பது வருஷம் பிள்ளைங்களைக் காப்பி அடிக்காதீங்கன்னு சொல்லிட்டு, நான் எப்படிம்மா?"

டிக் போடுகிற முறையையும் அவரே விளக்கினார். சிஸ்டர் எண்களை வாசிப்பார். இரத்தம் பட்டவர்கள் மட்டும் எழுந்து நின்று 'பட்டுச்சு' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு எல்லாம் டிக். அட்டையின் நகல் சிஸ்டரிடமே இருந்ததால், யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நேரம் மிச்சமாகிறதாம்.

எனக்கு அந்த மாதம் மறுபடி பட்டது. அடுத்த மாதமும் பட்டது. எழுந்து நின்று, ஒன்பது பெண்களுக்கும் ஒரு சிஸ்டருக்கும் முன்னால், ஐம்பத்தேழு வயதில், 'பட்டுச்சு' என்று சொன்னேன். புது அட்டை வந்தது. வீட்டில் அது எப்போது வரும் என்று தெரியாமல் நான் கதவுக் கைப்பிடி, நாற்காலி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். தொழிற்சாலையில் செய்கிற வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே குலை நடுங்கியது அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ளே நடந்ததைப் பார்த்தபோதுதான்.

டிக் போட்டு முடிந்ததும் சிஸ்டர் சுவரில் இருந்த 'தகுதி பெற்றோர்' பலகையைப் பார்த்து ஒரு எண்ணை அழைப்பார். "எழுபத்தி ரெண்டு! எழுபத்தி ரெண்டு! எழுபத்தி ரெண்டு!" பெஞ்சில் யாரும் அசைய மாட்டார்கள். சிஸ்டர் கதவைத் திறந்து, ஒரு ஆள் நுழைகிற நேரம் பிடித்துக்கொண்டு நின்று, மூடுவார். உள்ளே டாக்டர் நிமிர்ந்து காலி நாற்காலியைப் பார்ப்பார்.

"உக்காருங்கம்மா. இரத்தம் படுதா?"

கொஞ்சம் பொறுப்பார். எழுதுவார்.

"வலி ஏதாவது?"

பொறுப்பார். எழுதுவார்.

"பயப்படாதீங்க. ஒரு ஸ்கேன் மட்டும் பார்த்துடலாம்."

எழுந்து போய் இயந்திரத்தின் உறையைக் கழற்றுவார். மேஜையைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு உறையைத் திரும்பப் போட்டுவிட்டு, கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவ்வளவு இதமாக ஒரு டாக்டர் நோயாளியிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

"யாரு டீச்சர் அந்த எழுபத்தி ரெண்டு?" என்று கேட்டேன்.

"நீ உட்கார்ந்திருக்கியே, அந்த இடத்துல இருந்தவங்க," என்றார் டீச்சர். "பன்னெண்டு மாசமா அவங்க எழுந்து எதுவும் சொல்லலை."

எழுந்து நின்றுகொண்டேன். நின்றால் பட்டுவிட்டது என்று எழுதிவிடுவார்கள் என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

டீச்சர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது மாதம், அவருடைய ஆறாவது டிக் விழுந்த அன்று, மாடிப்படி இறங்கும்போது என் முழங்கையைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"இந்த மாசம் நிறையப் பட்டுச்சும்மா. நான் எழுந்திருக்கலை."

"நல்லது டீச்சர். அப்படியே இருங்க."

"எழுந்திருக்கத் தெம்பும் இல்ல," என்றார். தப்பு செய்த குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். "என் பொண்ணுகிட்ட சொல்லிடாதே."

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அவர் மகள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள் என்று தெரியும். தேடிப் போனேன். கடை முழுக்கக் கண்ணில்லாத கண்ணாடிகள் என்னையே பார்த்தன. அம்மா போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது என்றாள். கருப்பையிலிருந்து எல்லா இடத்துக்கும் பரவியிருந்ததாம்.

"கடைசியிலதான் எனக்கே தெரியும்," என்றாள். "நாலாவது மாடியில பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்களா அக்கா?"

அவளுக்கு முப்பது வயது இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி, ஒரே கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதத்து முதல் திங்கட்கிழமை நூற்றுப் பதினேழு என்று வாசித்ததும் எழுந்தேன்.

"சிஸ்டர், அவங்க இறந்துட்டாங்க."

"அவங்களே வந்து சொன்னாங்களா?"

"இறந்தவங்க எப்படி வந்து சொல்லுவாங்க?"

"மத்தவங்களுக்காக யாரும் சொல்லக் கூடாதும்மா. விதி. இறந்தவங்க விவரம் தரைத்தளத்துல வேற பிரிவு. என்கிட்ட இருக்கிறது ஒரே கட்டம். இரத்தம் பட்டுச்சா, இல்லையா?"

"இனிமே படாது சிஸ்டர்."

"அதைத்தானே கேட்டேன்," என்று டிக் போட்டார். "நீங்க எழுந்துட்டீங்க. உங்களுக்கும் பட்டுச்சா?"

எனக்கு நிஜமாகவே பட்டிருந்தது. இன்னொரு புது அட்டை வாங்கிக்கொண்டேன்.

அந்த வருடம் பிரிவுக்கு ஏழாவது ஆண்டு விழா. நாற்காலி போதாது என்று பெஞ்சை எடுத்துப் போய் விருந்தினர்களுக்குப் போட்டார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். பிரிவுத் தலைவர் மாலை போட்டுக்கொண்டு பேசினார்.

"பெருமைக்குரிய இந்த ஏழு ஆண்டுகளில், நமது பிரிவில் தகுதி பெற்றோர் நாற்பத்தொரு பேர். இவர்களில் ஒருவர்கூட நம் சேவை குறித்து ஒரு சிறு குறையும் கூறியதில்லை. வலி என்று சொன்னதில்லை. இரண்டாவது முறை வந்ததும் இல்லை. மிக முக்கியமாக, நண்பர்களே, ஏழு ஆண்டுகளில் ஒரே ஒரு புற்றுநோய்கூட இங்கே கண்டறியப்படவில்லை! தேடியும் கிடைக்கவில்லை என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். இயந்திரமோ வாங்கிய அன்று இருந்ததுபோலவே புத்தம் புதிதாக இருக்கிறது. எங்கள் நோயாளிகளின் ஒத்துழைப்பு இல்லாமல் இது சாத்தியமாகியிருக்காது. அவர்களின் அமைதிக்குத் தலைவணங்குகிறேன்."

பலகையைப் பார்த்து உண்மையாகவே தலை வணங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். தகுதி அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தொரு எண்கள் பளபளவென்று மின்னின. சுவரோரம் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அங்கேயே கத்தியிருப்பேன். கத்தினால் மனநலப் பிரிவு எந்த மாடியில் என்று சொல்வார்கள், அங்கே என்ன கட்டம் வைத்திருக்கிறார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாதங்கள் போயின. டீச்சருக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று டிக் விழுந்துகொண்டே இருந்தது. உயிரோடு இருந்தபோது தாண்ட முடியாத எட்டாவது கட்டத்தை அனாயாசமாகத் தாண்டிவிட்டார். நாற்பத்திரண்டாவதாகப் பலகையில் நூற்றுப் பதினேழு ஏறியது. அந்தத் திங்கட்கிழமை எனக்குக் காலையிலிருந்தே பட்டுக்கொண்டிருந்தது. முதல் கறையைப் பார்த்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

"நூத்திப் பதினேழு!" என்றார் சிஸ்டர்.

யாரும் அசையவில்லை.

"நூத்திப் பதினேழு!"

நான் எதையும் திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை. என் கால்தான் எழுந்தது. மூன்றாவது தடவை அழைப்பதற்குள் கதவுக்குள்ளே போய்விட்டேன். சிஸ்டர் கையிலிருந்த பேனா கீழே விழுந்ததைக் கேட்டேன். ஏழு வருடத்தில் அந்தக் கதவுக்குள் முதல் தடவையாக ஆள் நுழைகிறது. அவருக்குப் பேயைப் பார்த்த மாதிரிதான் இருந்திருக்கும்.

டாக்டர் கோப்பிலிருந்து நிமிரவில்லை.

"உக்காருங்கம்மா. இரத்தம் படுதா?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. படுது டாக்டர், இந்த நிமிஷம்கூடப் படுது. சொன்னால் அட்டை ரத்து. இல்லை என்று சொன்னால் வீட்டுக்குப் போ என்பார். இந்த அறையில் ஸ்கேன் வரைக்கும் போனவர்கள் வாயைத் திறக்காதவர்கள் மட்டும்தான். மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.

பொறுத்தார். எழுதினார். "வலி ஏதாவது?"

பொறுத்தார். எழுதினார். "பயப்படாதீங்க. ஒரு ஸ்கேன் மட்டும் பார்த்துடலாம்."

உறையைக் கழற்றித் திரும்பியவர், மேஜைமேல் நான் படுத்திருப்பதைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"நீங்க... இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன் டாக்டர்."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒன்பது மாதம் நான் காத்திருந்த வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. உள்சுவர் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு தடித்திருந்தது. அன்றைக்கே துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அது வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல முடிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. நூற்றுப் பதினேழின் கோப்பில் வைத்து டாக்டர் அதை விரித்தார்.

"கேன்சர்தாம்மா. ஆனா கருப்பையைத் தாண்டி எங்கேயும் போகலைன்னு தெரியுது. எடுத்துட்டா குணமாக ரொம்ப நல்ல வாய்ப்பு இருக்கு." கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினார். "டீச்சரா இருந்தீங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார்.

பிரிவில் அமளிதுமளி. ஏழு வருடச் சாதனையைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டு டாக்டருக்குக் கடிதம் போனது. ஆனால் கண்டறிந்துவிட்ட நோய்க்கு அறுவை சிகிச்சை மறுக்க விதியில் இடமில்லை. அதை எழுத மறந்துவிட்டார்கள். ஒருத்தருக்காவது கண்டறிவோம் என்று அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. நூற்றுப் பதினேழுக்குத் தேதி குறித்து, நூற்றுப் பதினேழின் வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். கடிதம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"அம்மாவுக்கு அடுத்த புதன்கிழமை ஆபரேஷனாம்," என்றாள் அந்தப் பெண். குரல் கல்லாக இருந்தது. "இன்னும் முத்தலையாம். காப்பாத்திடலாமாம். யாரு அக்கா இப்படி விளையாடுறது?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, டிக், காலி நாற்காலி, நான் எழுந்து போனது. அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள்.

"அம்மாவோட இடத்தை எடுத்துக்கிட்டீங்க," என்றாள்.

"ஆமாம்மா. வேற வழி தெரியலை. மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை."

"கீழே ஒரு உறவுக்காரங்க கையெழுத்துப் போடணும்னு எழுதியிருக்கே. உங்க பக்கத்துல யாரு போடுவாங்க?"

"என் வீட்டுக்காரர் போட முடியாது. நூத்திப் பதினேழுக்கு அவர் யாருமில்லையே."

அவள் கடிதத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். போங்க என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள்.

புதன்கிழமை காலை என்னை டிராலியில் படுக்க வைத்துவிட்டார்கள். லிஃப்டைச் சரி பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்துவிட்ட என் வீட்டுக்காரர், கையில் ஒரு ஸ்பேனரோடு நடைபாதைக் கோடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் வர முடியாது. சிஸ்டர் படிவத்தோடு நின்று, உறவினர் எங்கே, உறவினர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம், இல்லாவிட்டால் தேதி ரத்து என்றார்.

அவள் மாடிப்படியில் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இதற்கு முன்பு யாரும் அவளிடம் இப்படி ஒரு படிவத்தைக் கொடுத்ததில்லை.

"நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?" என்றார் சிஸ்டர்.

"மகள்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா ரொம்பப் பயப்படறாங்க. ஏதாவது பேசுங்க."

அவள் குனிந்து என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன். முடிஞ்சதும் திரும்பி வந்துடணும். சரியா?"

"வந்துடறேன்மா," என்றேன்.

டிராலி நகர்ந்தது. அவள் கையை விடாமல் கூடவே நடந்து வந்தாள், உறவினர் இதற்குமேல் வரக் கூடாது என்று எழுதியிருந்த கதவு வரைக்கும்.